வாஞ்சூர் வரை ஒரு பயணம்

லண்டனில் தொடங்கி ஸ்டாக்ஹோம் வரை தனியாளாக ஒவ்வொரு பப்பாக ஏறி இறங்கினால் அதற்குப் பெயர் சுற்றுலா. நாகூரைத் தாண்டி, புதுச்சேரியின் காரைக்கால் பகுதியிலுள்ள வாஞ்சூருக்குக் குடிக்க பைக்கில் வருகிறவருக்கு அந்த மரியாதை கிடையாது. அவரை இழுப்பது ருசியல்ல, குறைந்த வரி. பின்லாந்தில் மது விலை அதிகம் என்று ஹெல்சின்கிக்காரர் கப்பலேறி டாலினுக்குப் போய் வாங்குகிறாரே, அதே கணக்குதான். 1954இல் பிரெஞ்சு நிர்வாகம் காரைக்காலை விட்டுப் போயிற்று. புதுச்சேரியின் தனி ஆயத்தீர்வை மட்டும் நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட கள்ளும் சாராயமும் இங்கே உரிமம் பெற்ற கடைகளில் கிடைக்கின்றன. ஆங்கிலேயர் 568 மில்லி பீரை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசுவார். இங்கே பேச்சாவது, உட்காருவதாவது! அவசரமாக ஊற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். அந்தத் திரும்புதல்தான் என் கவலை. டாலின் போனவரைக் கப்பல் கொண்டுவந்து சேர்க்கிறது. நம்மவர் இருட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தானே ஓட்டிப் போகிறார். குடிப்பவரைத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. கடை மூடும் நேரத்துக்கு வாஞ்சூரிலிருந்து நாகப்பட்டினத்துக்கும் காரைக்காலின் மறு எல்லையான பூவத்திலிருந்து தரங்கம்பாடிக்கும் ஒரு பேருந்து விடுங்கள். செலவை இரண்டு அரசுகளும் பாதிப்பாதி ஏற்கலாம். மது வரி வாங்குவதில் இரண்டுமே சளைத்தவை அல்ல.