மணி அடித்தால் தாகம் வருமா?

2025ஆம் ஆண்டு ஜூன் கடைசியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ‘வாட்டர் பெல்’ ஒலிக்கத் தொடங்கியது. பகல் 11 மணிக்கு ஒன்று, 1 மணிக்கு ஒன்று, 3 மணிக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நிமிடம் பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வேண்டும். கேரளத்தில் 2019இலேயே இது வந்துவிட்டது. அதைப் பார்த்துக் கர்நாடகமும் அதே ஆண்டு கையில் எடுத்தது. காசு செலவில்லாத, யாரும் எதிர்க்க முடியாத திட்டம். மும்பைக்கும் வேண்டும் என்று நாளை ஒருவர் கேட்டால் நானும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் அந்தக் கையெழுத்துக்கு முன்னால், தாராவியில் எந்தத் தமிழ் வீட்டிலும் சாயங்காலம் காதில் விழக்கூடிய ஒரு பேச்சைக் கேட்டுவிட வேண்டும்.

“ஏட்டி, பாட்டில் கொண்டுபோன மாதிரியே இருக்கு. ஒரு வாய்கூடக் குடிக்கலையா?”

“குடிச்சா ஒண்ணுக்கு வரும்லாம்மா.”

பெண் குழந்தையின் இந்தப் பதிலில் மறதி கிடையாது, கணக்கு இருக்கிறது. மணி அடிப்பது மறதிக்கு மருந்து. கணக்குப் போட்டுக் குடிக்காமல் இருக்கும் பிள்ளையிடம் அதன் ஜம்பம் பலிக்காது.

அந்த பாட்டில் நிரம்பிய கதையும் கொஞ்சம் தெரிய வேண்டும். தாராவியின் சந்துகளில் விடியற்காலை சில மணி நேரம்தான் குழாயில் தண்ணீர் வரும். அதற்குள் டிரம், ஹண்டா, குடம் எல்லாம் நிறைய வேண்டும். குழாய் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி வடித்து, கேஸ் மிச்சமிருந்தால் காய்ச்சி, ஆறவைத்து பாட்டிலில் ஊற்றுகிறாள் தாய். பயம் வீண் இல்லை. சாக்கடையை ஒட்டியும் அதற்குள் புகுந்தும் போகும் குழாயில் தண்ணீர் நின்றவுடன் அழுத்தம் குறைகிறது. பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டு இழுத்தால் இன்னும் குறைகிறது. விரிசல் வழியாக வெளியே கிடப்பதெல்லாம் உள்ளே போகிறது. ஏழு ஏரிகளிலிருந்து, நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்தெல்லாம் தண்ணீர் கொண்டுவந்து சுத்திகரித்து அனுப்பும் மாநகராட்சி, கடைசி நூறு அடியில் கோட்டை விடுகிறது. குடிசைப் பகுதிக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு 45 லிட்டர், கட்டடங்களில் இருப்போருக்கு 135 லிட்டர் என்ற கணக்கும் நெடுநாளாக இங்கே உண்டு. அங்கீகாரம் இல்லாத குடிசையில் இருப்பவருக்கும் தண்ணீர் மறுக்கக் கூடாது என்று 2014 டிசம்பரில் மும்பை உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டிவந்தது. தண்ணீர் உரிமைக்காகப் போராடும் ‘பானி ஹக் சமிதி’ தொடுத்த வழக்கு அது.

இத்தனை பாடுபட்டு நிரப்பிய தண்ணீர் பள்ளிக்கூடம் சுற்றிப் பார்த்துவிட்டு அப்படியே வீடு திரும்புகிறது.

வாட்டர் பெல் திட்டம் பெரும்பாலும் வீட்டு பாட்டிலை நம்பி நிற்கிறது. ஒன்றிய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கையோ வேறு பக்கம் இழுக்கிறது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் பை 1.7 கிலோவிலிருந்து 2.5 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்கிறது அது. ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. பாட்டில் சுமக்கத் தேவையில்லாதபடி பள்ளியே நல்ல குடிநீர் தர வேண்டும் என்றும் அதே கொள்கை சொல்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் 2009லிருந்தே குடிநீரும், ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறையும் இருக்கின்றன. இவற்றைச் செய்து முடிக்க 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆறு மாதக் கெடு வேறு விதித்தது. காகிதத்தில் குறை ஒன்றும் இல்லை.

குழாய் இருந்தால் பிள்ளைகள் குடிப்பார்களா என்ற கேள்விக்கு ஜெர்மனியில் ஒரு விடை கிடைத்தது. டோர்ட்முண்ட், எஸ்ஸன் நகரங்களில் உழைக்கும் மக்கள் வாழும் பகுதிகளின் 32 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதிப் பள்ளிகளில் குடிநீர் ஊற்றுகளை வைத்து, தண்ணீரைப் பற்றிச் சில பாடங்களும் நடத்தினார்கள். மற்றவற்றில் ஒன்றும் செய்யவில்லை. 2009இல் வெளியான முடிவின்படி, ஊற்று வைத்த பள்ளிகளில் பிள்ளைகள் நாளுக்கு ஒரு டம்ளருக்குச் சற்று மேல் கூடுதலாகக் குடித்தார்கள். உடல் பருக்கும் அபாயமும் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கண்ணெதிரே நல்ல தண்ணீர் இருந்தால் பிள்ளை குடிக்கும். ஆனால் அந்த ஆய்வாளர்கள் அதிகம் கவலைப்படத் தேவையில்லாத ஒன்று, குடித்த பிறகு அந்தப் பிள்ளை எங்கே போகும் என்பது.

இங்கே அதுதான் முதல் கேள்வி. மும்பை மாநகராட்சிப் பள்ளிகளில் பல, ஒரே கட்டடத்தில் இரண்டு ஷிஃப்டாக நடப்பவை. மராத்தி, இந்தி, உருது, தமிழ் என்று ஒரே கூரையின் கீழ் பல மொழிப் பள்ளிகள் இருப்பதும் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு கழிப்பறை, பதினைந்து நிமிட இடைவேளை, ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம். நாற்பத்தைந்து பேர்கூடப் போய்வர முடியாது. ஆறில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒன்றில் தண்ணீர் இல்லை என்றால் மிச்சம் மூன்று. காலை ஷிஃப்ட் பிள்ளைகள் விட்டுச்சென்ற கழிப்பறைக்குள்தான் மதிய ஷிஃப்ட் பிள்ளைகள் நுழைய வேண்டும். நடுவில் ஒரு முறை கழுவிவிட ஆள் இருக்கிறாரா என்பதில்தான் பாட்டில் காலியாகுமா, நிறைந்தே திரும்புமா என்பது இருக்கிறது. அதிலும் மதிய ஷிஃப்ட்காரர்கள் வருவது உச்சி வெயிலில். மும்பைக் காற்றின் ஈரத்தில் வியர்வை லேசில் உலராது. உலராததால் உடம்பு குளிராது. குளிராததால் மேலும் வியர்க்கும்.

தாராவிப் பெண் குழந்தைகளுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. தண்ணீர் குடிக்காமல் இருக்க அவர்கள் பள்ளியில் கற்றுக்கொள்ளவில்லை, வீட்டில் கற்றுக்கொண்டு வருகிறார்கள். பொதுக் கழிப்பறையான சண்டாஸுக்கு நடந்து, காசு கொடுத்து, வரிசையில் நிற்க வேண்டிய இடத்தில் பொழுது சாய்ந்த பிறகு தண்ணீரைத் தொடாத அம்மாவையும் அக்காவையும் பார்த்து வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடம் இந்தப் பாடத்தை அழித்து எழுதியிருக்க வேண்டும். அது அடிக்கோடு போட்டுக் கொடுக்கிறது. நீர்க்கடுப்பு, சிறுநீர்ப் பாதைத் தொற்று, மலச்சிக்கல் என்று பின்னால் வருவதை உடம்புச் சூடு என்று சொல்லி இளநீரோ வெந்தயமோ கொடுத்துச் சமாளித்துக்கொள்கிறோம்.

வசதியான தமிழர்கள் வாழும் மாட்டுங்காவின் கதை வேறு மாதிரி என்று நினைக்கலாம். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் வேரூன்றிய பகுதி. பெயர் எழுதிய ஸ்டீல் பாட்டிலோடு பிள்ளைகள் போவார்கள். தாழ்வாரத்திலேயே சுத்திகரிப்புக் கருவி வைத்திருக்கும் பள்ளிகளும் உண்டு. தண்ணீர்ப் பிரச்சினையைப் பணத்தால் ஓரளவு தீர்க்க முடியும் என்பது உண்மை. ஆனால் “மிஸ், மே ஐ கோ?” என்று நாற்பது பேர் முன்னால் கையைத் தூக்க வேண்டியிருப்பது அங்கேயும் அதேதான். “இப்பத்தானே இடைவேளை முடிஞ்சுது, உட்கார்” என்ற பதிலும் அதேதான். கட்டணம் எவ்வளவு உயர்ந்தாலும் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்டே ஆக வேண்டும். வகுப்பு கலைந்துவிடும் என்ற ஆசிரியரின் பயம் புரிகிறது. ஒருவர் எழுந்தால் பின்னாலேயே நால்வர் எழுவார்கள், அதில் இருவர் சுற்றப் போகிறவர்கள். இருக்கட்டும். நான்கு பேர் சுற்றினாலும் மூழ்கிப்போகாத பாடமாக நடத்தலாம்.

தண்ணீருக்கு அனுமதி என்றால் இந்த மாநிலத்தில் நினைவுக்கு வர வேண்டியவர் ஒருவர். அம்பேத்கர் தன் பள்ளி நாள்களைப் பற்றி எழுதிய குறிப்பில், குழாயைத் தானே தொட முடியாததையும், பியூன் வந்து திறந்துவிட்டால்தான் குடிக்க முடிந்ததையும், பியூன் இல்லாத நாளில் தாகத்தோடு இருந்ததையும் பதிவு செய்திருக்கிறார். அது சாதி. இன்றைய வகுப்பறை அனுமதியை அதற்கு இணை வைப்பது பெரிய அநியாயம். ஆனால் அந்தக் குறிப்பைப் படித்த சமூகத்துக்கு ஒரு கூச்சமாவது மிஞ்சியிருக்க வேண்டும். குழந்தையின் தாகம் பெரியவர் ஒருவரின் தலையசைப்புக்குக் காத்திருக்கலாமா என்ற கூச்சம். திருநெல்வேலிச் சீமையில் ஊர்க் கிணற்றுக்கு வெளியே நிறுத்தப்பட்டு, தாராவிக்கு ரயிலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் படிக்கும் வகுப்பறைகளில் அது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கலாம்.

பெண்கள் சிறுநீர் கழிக்கும் உரிமையை வெட்கப்படாமல் வாய்விட்டுக் கேட்ட நகரமும் மும்பைதான். 2011இல் ‘ரைட் டு பீ’ என்ற இயக்கம் இங்கே தொடங்கியது. செம்பூரில் இயங்கும் ‘கோரோ’ அமைப்புக்கு அதில் முக்கியப் பங்கு உண்டு. ஆண்களுக்கு இலவசம், பெண்களுக்குக் காசா என்று கேட்டது அந்த இயக்கம். சந்தைக்கும் ரயில் நிலையத்துக்கும் கேட்டதைப் பள்ளிக்கூடத்துக்கும் கேட்க வேண்டும். காசில்லை என்று மாநகராட்சி சொல்ல முடியாது. 2025-26க்கு அதன் கல்வி நிதிநிலை அறிக்கை 3,900 கோடி ரூபாயைத் தாண்டியது. டேப்லெட்டும் மெய்நிகர் வகுப்பறையும் வரட்டும். இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே கழிப்பறையைக் கழுவ ஓர் ஆளும், தாழ்ப்பாள் உடைந்தால் அதே வாரம் மாட்ட ஒரு தச்சரும் அதில் அடங்க மாட்டார்களா?

மணியும் அடிக்கட்டும். அதோடு, மணி அடித்த அரைமணி நேரத்துக்குள் யார் எழுந்தாலும் கேள்வி கேட்காமல் விட வேண்டும் என்று ஒரு வரியைச் சுற்றறிக்கையில் சேர்க்கட்டும். உள்ளே போன தண்ணீர் வெளியே வரவும் நேரம் ஒதுக்காத திட்டம் பாதித் திட்டம்தான்.

இதற்குப் பெற்றோர் யாரிடமும் மனுவோடு அலையத் தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு சொல்லும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்தைக் காலையில், தரை கழுவி ஃபினாயில் மணம் வீசும் நேரத்தில் வைக்கக்கூடும். தாய்மார்கள் அதை மதியம் இரண்டாவது ஷிஃப்ட் இடைவேளை முடியும் நேரத்துக்கு மாற்றச் சொல்லலாம். நோட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பிள்ளைகளின் கழிப்பறைக்கு ஒரு முறை போய்வருகிறோம் என்றும் சொல்லலாம்.