மிதிவண்டி உண்டு, வழி எங்கே?

பிரான்சின் லுவார் ஆற்றை ஒட்டி ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளத்துக்கு மிதிவண்டித் தடம் உள்ளது. பழங்கோட்டைகளையும் சிற்றூர்களையும் கண்டவாறு முதியோரும் அதில் செல்கின்றனர். அதைப் பற்றிப் படித்தபோது ஐயப்பன்தாங்கல்வாசிகளான எங்களுக்கு ஏக்கத்தோடு சிறிது வெட்கமும் தோன்றியது.

மாங்காடும், திருக்கச்சி நம்பிகள் அவதரித்த பூந்தமல்லியும், சேக்கிழார் பிறந்த குன்றத்தூரும் எங்களுக்கு மிதிவண்டித் தொலைவுதான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழ அமைச்சராயிருந்த சேக்கிழார், கும்பகோணத்தை அடுத்த திருநாகேச்சரத்தின்மீது கொண்ட பற்றினால் தம் ஊரிலும் ஒரு நாகேச்சரம் எழுப்பினார் என்பர். பெரியபுராணத்தைத் தேர்வுக்காகப் படிக்கும் எம் மாணவருள் பலர் அக்கோயிலைக் கண்டதில்லை.

சென்ற மார்கழியில், ஒரு ஞாயிறு விடியலில், நாங்கள் சிலர் மிதிவண்டியில் குன்றத்தூர் சென்றோம். தண்ணீர் லாரிகள் தோளை உரசுவதுபோல் விரைந்தன. வழியிலிருந்த எதையும் நாங்கள் பார்க்கவில்லை. திரும்புகையில் பாதித் தொலைவு வண்டிகளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம்.

அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு மாணவர்க்கு விலையில்லா மிதிவண்டி கிடைக்கிறது. அதை ஓட்டச் சாலையோரத்தில் ஆறடி இடம் கிடைப்பதில்லை. அடியார்கள் ஊர் ஊராக நடந்த வரலாற்றைப் பாடியவரின் ஊருக்கு, ஒரு மாணவி அச்சமின்றிச் சென்றுவர வழி வேண்டும். எங்கள் கோரிக்கை அவ்வளவே.