அடையாளமும் காரணமும்

நஞ்சுக்கொடி என்னும் பெயரைக் கேட்டவுடன், அது தீங்கு செய்யும் பொருளோ என்று சிலர் எண்ணக்கூடும். பெயரில்தான் நஞ்சு உள்ளது. செயலால் அது அமுதே ஆகும். தாயின் கருப்பையில் வளரும் குழந்தைக்கு உயிர்வளியும் உணவும் அதன் வழியாகவே வருகின்றன. கழிவும் அதன் வழியாகவே நீங்குகின்றது. தாயின் குருதியும் சேயின் குருதியும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. மெல்லிய திசுக்களின் ஊடே கொடுக்கலும் வாங்கலும் நிகழ்கின்றன. நிறைமாதத்தில் ஏறத்தாழ 500 கிராம் எடையே உள்ள இவ்வுறுப்பு, குழந்தை பிறந்த சிறிது நேரத்தில் பணி முடிந்து வெளியேறிவிடுகிறது.

உணவூட்டுவது மட்டுமன்று இதன் தொழில். ஹார்மோன்களையும் இது ஆக்குகின்றது. உடலில் ஓரிடத்தில் தோன்றி, குருதியில் கலந்து சென்று, வேறோர் உறுப்பை இயக்கும் பொருளே ஹார்மோன் ஆகும். கருவுற்ற பெண்டிரின் சிறுநீரில் இத்தகைய பொருள் மிகுந்திருப்பதை 1927ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்தில் அஷ்ஹைம், ஸோன்டெக் என்னும் அறிஞர் இருவர் கண்டறிந்தனர். நஞ்சுக்கொடியின் உயிரணுக்களே அதனை ஆக்குகின்றன என்பதனை, அவற்றைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்து 1938ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்கள் காட்டினர்.

இவ்வாறு வளர்ந்த அறிவு நன்மை பல தந்தது. ஆயினும், அரைகுறையாக அறிந்ததனை முழுமையான அறிவென்று நம்பியதனால் நேர்ந்த துன்பம் ஒன்றும் உண்டு. அதனை நாம் மறத்தல் ஆகாது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜார்ஜ் ஸ்மித், ஆலிவ் ஸ்மித் என்னும் கணவனும் மனைவியும் ஆராய்ச்சி நடத்தி வந்தனர். கருவுற்ற காலத்தில் இடர்ப்படும் தாய்மாரிடம் நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் குறைந்திருப்பதை அவர்கள் கண்டனர். அக்குறைவே கேட்டுக்குக் காரணம் என்று கருதினர். 1938ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் செயற்கையாக ஆக்கப்பட்ட டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் மருந்தைக் கொடுத்தால், நஞ்சுக்கொடி மிகுதியான ஹார்மோனைத் தரும். கருச்சிதைவும் நிற்கும் என்பது அவர்தம் கொள்கை. 1948ஆம் ஆண்டில், மருந்துண்ட 632 தாய்மாரைப் பற்றிய முடிவு வெளிவந்தது. மருந்து பயன் தருவதாக அது கூறியது. ஆனால், மருந்து உண்ணாத தாய்மாரை உடன்வைத்து முறையாக ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

அக்குறையை நீக்க முன்வந்தவர் சிகாகோ நகரத்து மருத்துவர் டீக்மன். அவரும் அவருடைய துணைவர்களும் 840 தாய்மார்க்கு அம்மருந்தையும், 806 தாய்மார்க்கு அதனைப் போன்றே தோன்றும் வெறும் மாத்திரையையும் கொடுத்தனர். 1953ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாய்வின் முடிவு தெளிவாக இருந்தது. மருந்தினால் கருச்சிதைவு குறையவில்லை. அத்துடன் அம்மருந்து நின்றிருக்க வேண்டுமன்றோ? நிற்கவில்லை. மேலும் 18 ஆண்டுகள் அமெரிக்க மருத்துவர் பலர் அதனைக் கருவுற்ற தாய்மார்க்குக் கொடுத்து வந்தனர்.

1971ஆம் ஆண்டில் பாஸ்டன் மருத்துவர்கள், 15 முதல் 22 வயது வரையுள்ள எட்டு இளம்பெண்களைப் பற்றி அறிவித்தனர். அவ்வயதில் காண்பதற்கு மிக அரிதான புற்றுநோய் அவர்களைப் பற்றியிருந்தது. காரணத்தை ஆராய்ந்தபோது, அவர்களுள் எழுவரின் தாய்மார் கருவுற்றிருந்த காலத்தில் அம்மருந்தை உண்டவர்கள் என்பது தெரியவந்தது. அவ்வாண்டு நவம்பரில், கருவுற்ற பெண்டிர்க்கு அதனைக் கொடுத்தல் கூடாதென அமெரிக்க அரசின் உணவு மருந்துத் துறை எச்சரித்தது. தாய் உண்ட மாத்திரையின் பயனைப் பல்லாண்டு கழித்து மகள் துய்க்க நேர்ந்தது.

பிழை எங்கே நேர்ந்தது? அடையாளத்தைக் காரணம் என்று கொண்டதே பிழை. வேரில் நோய் கண்ட செடியின் இலை வாடுகின்றது. வாடிய இலைக்குப் பச்சை வண்ணம் பூசுவதால் செடி பிழைக்குமா? பிற்காலத்தில் ஸ்டாக்ஹோம் நகரில் டிட்ஸ்ஃபலுசி என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதனைத் தெளிவாக்கினர். ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனை நஞ்சுக்கொடி தனித்து ஆக்க இயலாது. அதற்கு வேண்டிய நொதி ஒன்று அதனிடம் இல்லை. குழந்தையின் சிறுநீரகத்தின்மேல் அமைந்த சுரப்பி மூலப்பொருளைத் தருகின்றது. நஞ்சுக்கொடி அதனை மாற்றி முடிக்கின்றது. ஆதலின், குழந்தை நலிந்தால் ஹார்மோனும் குறையும். குறைவு நோயின் விளைவாகவும் இருக்கலாம் என்பது இதனால் விளங்கும்.

"குழந்தையை இழக்கும் நிலையிலுள்ள தாய், ஆய்வு முடியும்வரை காத்திருப்பாளா?" என்று வினவுவோர் உண்டு. இவ்வினா இரக்கத்திலிருந்து பிறப்பது, ஆதலின் மதிக்கத்தக்கது. ஆயினும், பயன் தருமா என அறியாத மருந்தைக் கொடுப்பது அத்தாய்க்குச் செய்யும் உதவி ஆகாது. இனி, இதனைக் கேட்டு அறிவியலையே வெறுப்போரும் உண்டு. அவர்கள் ஒன்றை நினைத்தல் வேண்டும். பிழையைச் செய்ததும் ஆராய்ச்சியே; அதனை வெளிப்படுத்தியதும் ஆராய்ச்சியே. ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சி உண்மை கூறியது. அதற்குச் செவிசாய்க்காமையே துன்பத்தை நீட்டியது.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை மருத்துவர் ஆகலாம். சிலர் ஆராய்ச்சியாளர் ஆகலாம். இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்து தோன்றும்போது, இதனால் இது விளைந்தது என்று விரைந்து முடிவு கட்டாதீர்கள். ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் கொள்கைக்கு மாறான முடிவு வந்தால், அதனை முதலில் ஏற்பவர் நீங்களாக இருங்கள். தாயையும் சேயையும் காக்க விழைவோர்க்கு அன்பு வேண்டும். அவ்வன்பு நெறி தவறாமல் நடக்க ஆய்வும் வேண்டும்.