சமையல் குறிப்பு கிராமில் பேசட்டும்

புணே ஹிஞ்சேவாடியின் ராஜீவ் காந்தி இன்போடெக் பார்க்கில் வேலை பார்த்துக்கொண்டு, பக்கத்து அடுக்ககங்களில் நாலைந்து பேராகச் சேர்ந்து தங்கும் தமிழ் இளைஞர்கள் ஊர்ச் சமையலைப் பெரும்பாலும் கைபேசியைப் பார்த்தே கற்கிறார்கள். 'ஒரு கப் அரிசிக்கு இரண்டரை கப் தண்ணீர்' என்கிறது குறிப்பு. எந்தக் கப்? ரைஸ் குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180 மில்லி. கடையில் தனியாக விற்கும் அளவுக் கப் 240 அல்லது 250 மில்லி. அரிசியை முதல் கப்பிலும் தண்ணீரை இரண்டாவதிலும் அளந்தால், தண்ணீர் மூன்றில் ஒரு பங்காவது கூடிப்போகும். சோறு குழைந்தால் சமைத்தவரைத்தான் குறை சொல்வார்கள். தமிழ்ச் சமையல் குறிப்புகள் எடைக்கு மாற வேண்டும் என்கிறேன்.

முகத்தலளவு நம் பழைய வழக்கம்தானே என்பார்கள். உண்மைதான். ஆனால் அன்று கடையும் அடுப்படியும் ஒரே கணக்கில் இருந்தன. நெல்லையும் அரிசியையும் படியால் வாங்கினார்கள், படியில் எட்டில் ஒரு பங்கான ஆழாக்கால் உலையில் போட்டார்கள். படி ஊருக்கு ஊர் வேறுபட்டாலும் ஓர் ஊருக்குள் அது பொது அளவு. 1951இல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' என்ற சமையல் நூல் அந்தக் காலத்து அளவுகளில் எழுதப்பட்டது. 1956ஆம் ஆண்டின் எடை, அளவுச் சட்டத்துக்குப் பிறகு மெட்ரிக் முறை படிப்படியாக வந்தது. சந்தை கிலோவுக்கு மாறியது. இன்று பொட்டலத்தின் மேல் நிகர எடை அச்சிடுவது சட்டக் கட்டாயம். அடுப்படியில் மட்டும் ஆழாக்கு போய், ஆளுக்கொரு அளவான டம்ளர் வந்தது. கிலோவில் வாங்கியதை டம்ளரில் அளக்கும் இந்தக் குழப்பம் மரபில் சேராது.

பாத்திரத்தை ஒரே அளவாக்கினாலும் சிக்கல் தீராது. 'ஒரு கப் வெல்லம்' என்றால் உடைத்த துண்டா, துருவலா, அழுத்திய பொடியா? மூன்றும் மூன்று எடை. மைதாவை மெல்லத் தூவி நிரப்பினால் 240 மில்லி கப்பில் ஏறத்தாழ 120 கிராம். மூட்டைக்குள் கப்பை விட்டு அள்ளினால் 140 கிராமைத் தாண்டும். தலைதட்டினோமா, குவித்தோமா என்பது வேறு. உப்பில்தான் இது மிகவும் உறைக்கும். பரல்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் கல்லுப்பு ஒரு கரண்டியில் குறைவாகவே பிடிக்கும். கல்லுப்புக்கு எழுதிய ஊறுகாய்க் குறிப்பில் தூளுப்பைக் கரண்டிக்குக் கரண்டி போட்டால் வாயில் வைக்க முடியாது.

விகிதம் போதுமே, நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து எந்த டம்ளரிலும் சரியாக வருமே என்பது வலுவான மறுப்பு. அதை ஏற்கிறேன். ஆனால் அதே மாவில் வெந்தயமும் உப்பும் கரண்டிக் கணக்கு. டம்ளர் பெரிதானால் கரண்டி கூடப் பெரிதாவதில்லை. கைப்பக்குவம் தராசுக்குள் அடங்காது என்பதும் சரி. டிசம்பர் குளிரில் புணேயில் இட்லி மாவு பொங்கச் சென்னையைவிட நேரம் பிடிக்கும், அதைக் கண்ணும் மூக்கும்தான் சொல்ல வேண்டும். பலமுறை ஒரே அளவில் செய்து பார்த்தவருக்குத்தான் அந்தப் பக்குவம் கைவரும். அளவே நாளுக்கு நாள் மாறினால் பிழை எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. செலவும் பெரிதல்ல. சில நூறு ரூபாய்க்கு மின்னணுத் தராசு கிடைக்கிறது. கடுகும் பெருங்காயமும் சிட்டிகையிலேயே இருக்கட்டும், அவற்றை அந்தத் தராசு சரியாகக் காட்டாது.

மாற்றும்போது ஓர் எச்சரிக்கை. ஒரு மில்லி ஒரு கிராம் என்பது தண்ணீருக்குத்தான் பொருந்தும். 240 மில்லி கப்பில் சர்க்கரை சுமார் 200 கிராம், தேன் சுமார் 340. ஆகவே அம்மாவின் டம்ளரில் தண்ணீர் நிரப்பி நிறுத்தால் டம்ளரின் கொள்ளளவுதான் தெரியும். அரிசி, உளுந்து, ரவை, வெல்லம் ஒவ்வொன்றையும் அவர் அளக்கும் விதத்திலேயே அளக்கச் சொல்லி, தனித்தனியே நிறுத்து எழுதிக்கொள்ள வேண்டும். பத்திரிகைகளின் சமையல் பக்கங்களும் முதலில் கிராமையும் பக்கத்தில் கப் அளவையும் அச்சிடலாம்.