கூடைப்பந்தில் ஹிஜாப்: தடை நீங்கிவிட்டது, தயக்கம் ஏன்?

2014 இன்சியான் ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஹிஜாபைக் கழற்ற மறுத்த கத்தார் பெண்கள் கூடைப்பந்து அணி, மங்கோலியாவுடன் ஆடாமலேயே விலகியது. தலையை மறைத்து ஆடக் கூடாது என்பது அன்றைய சர்வதேச சம்மேளனத்தின் விதி.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலப் பள்ளி ஆட்டங்களில் 3,070 புள்ளிகள் குவித்துச் சாதனை படைத்தவர் பில்கிஸ் அப்துல் காதிர். ஹிஜாப் அணிந்து ஆடிய அவருக்கு, வெளிநாட்டுத் தொழில்முறை ஆட்டத்தின் கதவை அடைத்ததும் அதே விதிதான். பில்கிஸ் உள்ளிட்ட பலரும் தொடர்ந்து குரல் கொடுத்தனர். 2017 அக்டோபர் 1 முதல் தடை நீங்கியது.

இந்திய அணியின் தலைவியாக இருந்த சென்னை அனிதா பால்துரை 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பந்தைக் கையில் எடுக்கும் நம் பெண் பிள்ளைகளுக்கும் அந்தப் பாதை திறந்தே இருக்கிறது. விதியே விலகிய பின், ஹிஜாபைக் காரணம் காட்டி நாம் அவர்களைத் தடுக்கலாமா?