பதினோராம் வகுப்பில் வருணாசிரமம்

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வெளியானால் நம் ஊர்களில் இரண்டு கடைகளில் கூட்டம் கூடுகிறது. ஒன்று, மார்க்குப் பட்டியலை நகல் எடுக்கும் கடை. மற்றொன்று ஜோதிடன் கடை. பையனை முதல் குரூப்பில் சேர்ப்பதா, வணிகவியலில் சேர்ப்பதா என்பதை, அவன் பிறந்த நேரத்தில் புதன் எந்தக் கட்டத்தில் இருந்தது என்று பார்த்துச் சொல்லுகிறானாம்! புதனுக்கு ஐந்தொகைக் கணக்கும் தெரியாது, விலங்கியலும் தெரியாது. ஜோதிடனின் சொந்த மகனை எப்படிச் சேர்த்தீர் என்று நாம் ஒருவனைக் கேட்டோம். "மார்க்கைப் பார்த்துத்தான்" என்றான். அது நிற்க.

இவனைவிடப் பெரிய ஜோதிடர் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நாம் எழுத வந்தது அவரைப் பற்றியே.

செங்கல் சூளையில் வேலை செய்யும் தோழர் ஒருவர் தம் மகளைப் பதினோராம் வகுப்பில் சேர்க்கப் போனார். பெண் கணக்கும் உயிரியலும் உள்ள முதல் குரூப் கேட்டிருக்கிறாள். தலைமையாசிரியர் தகப்பனின் சட்டையைப் பார்த்தார், பெண்ணின் மார்க்கைப் பார்த்தார். "இதெல்லாம் உங்களுக்கு ஒத்துவராது. தொழிற்கல்வியில் போடுகிறேன், படித்தவுடன் ஒரு வேலை கிடைக்கும்" என்று எழுதிவிட்டார். தகப்பன் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார். கணக்கில் எவ்வளவு என்று நாம் கேட்டதற்கு, 68 என்றார். முப்பத்தைந்து வாங்கினால் தேர்ச்சி என்று சர்க்கார் சொல்லுகிற பாடத்தில் 68 வாங்கிய பெண்ணுக்குக் கணக்கு வராது என்று அந்த அய்யாவுக்கு எந்த ஞானதிருஷ்டியில் தெரிந்தது? "அவர் படித்தவர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்றார் நம் தோழர். நமக்கு மிகவும் வருத்தத்தைக் கொடுத்தது இந்த வார்த்தைதான். சாமி சொன்னால் சரி, சாஸ்திரம் சொன்னால் சரி என்றிருந்த தலை, இப்போது நாற்காலி சொன்னால் சரி என்கிறது.

இந்தக் குரூப் விஷயம் என்னவென்பதைப் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 1978ல் மேல்நிலைப் படிப்பு வந்தது முதல், பதினைந்து வயதில் ஒரு பிள்ளை எடுக்கிற முடிவு, அதன் பின்னால் வருகிற கதவுகளில் சிலவற்றைத் திறந்து சிலவற்றை அடைக்கிறது. பௌதிகமும் ரசாயனமும் உயிரியலும் படிக்காதவர் வைத்தியப் படிப்புக்குரிய நீட் பரீட்சையில் உட்கார முடியாது. கணக்கு இல்லாமல் வணிகவியல் படித்தவர் இஞ்சினீயரிங் கல்லூரி வாசலில் நிற்க முடியாது. ஆனால் கணக்கும் விஞ்ஞானமும் படித்தவர் வேண்டுமென்று நினைத்தால் சரித்திரத்துக்கோ சட்டத்துக்கோ திரும்பிக்கொள்ளலாம். இது ஒருவழிப் பாதை. அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வரலாமே தவிர, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போக வழியில்லை. இவ்வளவையும் பெண்ணுக்கு எடுத்துச் சொல்லி, அதன்பின் அவள் தொழிற்கல்வியைக் கேட்டிருந்தால் நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. தொழிற்கல்வி படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷத்தில் சேரவும் வழியிருக்கிறது.

தொழிலை நாம் இழிவாகச் சொல்லவில்லை. மோட்டார் ரிப்பேர் செய்கிறவன், மந்திரம் ஓதித் தட்சிணை வாங்குகிறவனைவிட நூறு மடங்கு உபயோகமுள்ளவன். நாம் கேட்பதெல்லாம், அந்த வகுப்பில் டாக்டர் மகனும் தாசில்தார் மகளும் ஏன் உட்காருவதில்லை என்பதுதான். சூளைக்காரர் மகளுக்கும் கூலிக்காரர் மகனுக்கும் மட்டுமே அந்தப் பாடம் "ஒத்துவரும்" என்றால் அது பாடத்திட்டமா, மனுதர்மமா?

1953ல் ராஜாஜி சர்க்கார் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளை அரை நாள் படிக்கவும், மீதி நேரம் தகப்பன் தொழிலைக் கற்கவும் செய்யத் திட்டம் போட்டது. குலக்கல்வி என்று நாடு கொதித்தெழுந்தது. 1954ல் காமராசர் வந்ததும் அதைக் கைவிட்டார். அன்று உத்தரவு போட்டுச் செய்ய முடியாததை இன்று ஒரு தலைமையாசிரியர் பேனாவால் சத்தமில்லாமல் செய்கிறார். 2020ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட கல்விக் கொள்கையில் கலைக்கும் விஞ்ஞானத்துக்கும், படிப்புக்கும் தொழிலுக்கும் நடுவே சுவரே இராது, பிள்ளைகள் விரும்பியதை எடுக்கலாம் என்று அழகாக எழுதியிருக்கிறது. அதே ஏட்டில்தான் ஆறாம் வகுப்பிலிருந்தே தொழில் கற்பிப்பதும் இருக்கிறது. கணக்கு வாத்தியாரே இல்லாத பள்ளிக்கூடத்தில் எதை விரும்பி எதை எடுப்பது?

நம்மவர்கள் பேரிலும் குறை உண்டு. மகன் சரித்திரப் புத்தகத்தைக் கீழே வைப்பதில்லை, தகப்பனோ, "முதல் குரூப் எடுக்காவிட்டால் சொந்தக்காரன் முகத்தில் எப்படி விழிப்பது?" என்கிறார். மகன் இரண்டு வருஷம் அழுதுகொண்டே ரசாயனம் படிக்கிறான். முதல் குரூப் என்பது உயர்ந்த ஜாதியும் அல்ல, மற்றது தாழ்ந்த ஜாதியும் அல்ல. குரூப்பில் பூணூல் மாட்டிவிடுவதும் பைத்தியக்காரத்தனமே.

சூளைத் தோழரை அழைத்துக்கொண்டு மறுநாள் நாமும் பள்ளிக்கூடம் போனோம். எந்த விதியின்படி மறுத்தீர்கள், எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டோம். அதைக் கேட்டதும் அவர் குரல் இறங்கியது. "தேர்ச்சி சதவிகிதம் குறைந்தால் மேலதிகாரிகள் என்னைத்தானே கேட்பார்கள்?" என்றார். ஆக, தம் பள்ளியின் நூறு சதவிகிதத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பெண்ணின் வருங்காலத்தைக் கழித்துவிட்டார்! எழுதிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அரை மணி நேரத்தில் குரூப்பை மாற்றிக் கொடுத்தார். வெளியே வரும்போது தகப்பன் இந்தத் தடவை அவரைக் கும்பிடவில்லை. வணக்கம் சொன்னார், அவரும் எழுந்து வணக்கம் சொன்னார்.

பெண் இப்போது முதல் குரூப்பில் இருக்கிறாள். முதல் பரீட்சையில் பௌதிகத்தில் 41 வாங்கினாளாம். போதவில்லை என்று வாத்தியாரிடம் சாயங்காலம் கூடுதலாகப் பாடம் கேட்கிறாள்.