மொட்டை மாடியில் கற்ற பாடம்



என் தங்கை மகள் மருத்துவம் முடித்துவிட்டு, அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தில் பயிற்சி பெறுகிறாள். ஆவடியில் இருந்த தொழுநோய்க் களப்பிரிவையும் மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனத்தையும் இணைத்து 1999-இல் உருவான இடம் அது. ஒரு நோய் எங்கே தொடங்கியது, எப்படிப் பரவியது என்று துப்புத் துலக்கக் கற்றுத்தரும் ஈராண்டுப் படிப்பு 2001 முதல் அங்கே நடக்கிறது.

தங்கைக்கு ஒரே குறை. "டாக்டருக்குப் படிச்சிட்டு, லீவு நாள்ல ஃப்ரெண்ட்ஸோட ஊர் சுத்துறா அண்ணா" என்பாள். நானும் தலையாட்டியவன்தான்.

போன ஞாயிறு அந்தக் கூட்டம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தது. ஐந்து பேர். அதில் ஒருவர் ஒடிசா, ஒருவர் வங்காளம். காலையில் திருமுல்லைவாயல் கோயிலில் எருக்கந்தூண்களைப் பார்த்துவிட்டு, ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்தார்கள். சாப்பிடும்போதும் முந்தின நாள் படித்ததைத்தான் பேசினார்கள். 1854-இல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், இறந்தவர்கள் எந்தப் பம்பில் தண்ணீர் எடுத்தார்கள் என்று வீடு வீடாக விசாரித்தார். அந்தப் பகுதிப் பாதிரியார் வைட்ஹெட் முதலில் அதை நம்பவில்லை. தெருக்காரர்களை நன்கு அறிந்த அவரே விசாரிக்கப் போய், கடைசியில் ஸ்னோ சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டார்.

பிறகு மொட்டை மாடியில் வற்றல் காய்வதைப் பார்க்கப் போனார்கள். "மாமா, கொஞ்சம் மேல வாங்க" என்று குரல் வந்தது. மூடாத பழைய டிரம்மில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஐந்து நாள் முன்பு டெங்கு தடுப்புப் பணிக்காக ஒரு பெண் வந்தார். "எங்க வீட்ல தண்ணியே தேங்கலம்மா" என்று கேட்டைத் திறக்காமலே அனுப்பிவிட்டேன். பொய் சொல்லக்கூடாது என்று உங்களுக்கெல்லாம் பாடம் நடத்தியவன் நான். அதே வாரம் பக்கத்து வீட்டுப் பேரன் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிள்ளை தேறி வந்துவிட்டான். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் அந்த வீட்டைத் தாண்டும்போது தலை தானாகக் குனிகிறது.

தங்கையிடம் சொல்லிவிட்டேன், பெண் ஊர் சுற்றட்டும். நாம் எப்படி வாழ்கிறோம், தண்ணீரை எதில் பிடித்து வைக்கிறோம் என்பதை வகுப்பில் உட்கார்ந்து முழுதாகத் தெரிந்துகொள்ள முடியாது.

நம் பங்கும் ஒன்று உண்டு. நோட்டுப் புத்தகத்தோடு யார் வந்தாலும் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கச் சுமார் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். முட்டை பாத்திரத்தின் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவி மூடி வையுங்கள்.

இன்றே மாடிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்